மைதானத்துக் கேள்விகள்: மட்டை பிடித்த பிள்ளையிடம் என்ன சொல்வது?

கேள்வி: வணக்கம் சேர். எங்கள் பாடசாலையில் பத்து, பதினொரு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இந்த வருடம் சொப்ட்போல் (பேஸ்போல் மாதிரி மட்டையால் பந்தடிக்கிற விளையாட்டு) பழக்கத் தொடங்கியிருக்கிறேன். நான் வலைப்பந்து விளையாடியவள், இது எனக்கும் புதிது. வீடியோக்களைப் பார்த்துப் படித்து, ஒவ்வொரு பந்துக்கும் "முழங்கையைத் தூக்கு, முழங்காலை மடி, இடுப்பைத் திருப்பு, பந்தைப் பார்" என்று சொல்கிறேன். சொல்லச் சொல்ல மோசமாகிறது. வீட்டு முற்றத்தில் தம்பிமாரோடு டெனிஸ் பந்தை விளாசுகிற பிள்ளைகூட இங்கே வந்தால் மரக்கட்டை மாதிரி நிற்கிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: டீச்சர், பிள்ளைகளில் பிழை இல்லை, உங்கள் அக்கறையிலும் பிழை இல்லை, சொற்கள்தான் கூடிப்போய்விட்டன. ஒரு சின்னக் கணக்குப் பாருங்கள். பத்து வயதுவரையான பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் 35 அடி தூரத்திலிருந்து, அதாவது 10.7 மீற்றர் அளவிலிருந்து பந்து எறிவார்கள். பந்து மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வந்தால் மட்டைக்கு வந்துசேர 0.6 விநாடிக்குக் கொஞ்சம் மேலேதான் எடுக்கும். அதற்குள் அவள் பந்து எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும், அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும், மட்டையையும் சுழற்றி முடிக்க வேண்டும். நீங்கள் சொல்கிற நாலு கட்டளையையும் மூச்சு விடாமல் ஒருதரம் சொல்லிப் பாருங்கள், மூன்று விநாடி போய்விடும்.

அதனால் முதல் மாற்றம் இதுதான்: ஒரு பின்னேரப் பயிற்சிக்கு ஒரே ஒரு சொல். அதையும் பந்து வருவதற்கு முன்னமே சொல்லிவிட்டு, பந்து வரும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும். எனக்கு இதைப் பழகவே பல வருடம் எடுத்தது, ஏனென்றால் பிள்ளை பிழைவிடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது ஒரு ஆசிரியருக்கு லேசான காரியம் இல்லை.

இரண்டாவது, எந்தச் சொல் என்பது. முழங்கை, முழங்கால், இடுப்பு என்று நீங்கள் சொல்வதெல்லாம் உடம்பின் பாகங்கள். பிள்ளையின் கவனம் தன் உடம்புக்குள்ளே போனால் உடம்பு இறுகிவிடும். 1998 இல் கபிரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பனிச்சறுக்குப் பழகும் பொறி ஒன்றில் ஆட்களை ஏற்றிப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் காலில் கவனம் வைக்கச் சொன்னார்கள், மற்றப் பகுதியினருக்குக் காலுக்குக் கீழே இருக்கும் சில்லுகளில் கவனம் வைக்கச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் சில அங்குலம்தான் வித்தியாசம், ஆனால் சில்லை நினைத்தவர்கள்தான் நன்றாகப் பழகினார்கள். அடுத்த வருடம் கோல்ஃப் அடியிலும் இதே மாதிரித்தான் கண்டார்கள், கையை நினைத்தவர்களைவிடக் கோலின் வீச்சை நினைத்தவர்கள் முன்னுக்கு வந்தார்கள். ஆகவே "இடுப்பைத் திருப்பு" என்பதைவிட "மட்டையை அந்த வேப்பமரத்துக்கு எறிகிற மாதிரி வீசு" என்பது பிள்ளைக்கு உதவும் (மட்டையைக் கையைவிட்டு விடக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவையுங்கள்).

நம்ம ஊரில் இதற்கு இன்னும் நல்ல சொல் ஒன்று இருக்கிறது. வாவியில் வீச்சுவலை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையால் மட்டும் வலையை எறிவதில்லை. உடம்பைப் பின்னுக்குத் திருப்பி, இடுப்பு முதலில் முன்னுக்கு வர, தோள் பின்னால் வர, கை கடைசியாக வந்து வலையை விடும். மட்டை வீச்சும் அதே ஒழுங்குதான். நான் பழக்கிய ஒரு பிள்ளை கையை மட்டும் வைத்து மட்டையை இழுத்துக்கொண்டிருந்தாள், இரண்டு கிழமையாக "இடுப்பு, இடுப்பு" என்று சொல்லி நானும் களைத்துவிட்டேன். அவளுடைய அப்பா வாவிக்குப் போகிறவர் என்பது ஒரு நாள் நினைவுக்கு வர, "அப்பா வலை போடுகிற மாதிரிச் செய்து காட்டு மகள்" என்றேன். மட்டையில்லாமல் வெறுங்கையோடு அப்படியே செய்தாள், அவ்வளவு அழகாக. அப்புறம் மட்டையைக் கொடுத்து "வலை" என்று மட்டும் சொன்னேன், பந்து பறந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் மனம் நிறைகிறது. ஆனால் வலையைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அந்தச் சொல் வெறும் சத்தம்தான். வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள் வளர்ந்த பிள்ளை என்றால் உப்பட்டியை (அறுத்த நெற்கதிரை) தூக்கி எறிவதைக் கேளுங்கள், இரண்டும் தெரியாத பிள்ளை என்றால் வாளித் தண்ணீரைப் பக்கவாட்டில் வீசி ஊற்றுவதைக் கேளுங்கள். படம் பிள்ளையின் வீட்டிலிருந்து வர வேண்டும்.

முற்றத்தில் விளாசுகிற பிள்ளை ஏன் இங்கே உறைகிறாள் என்று கேட்டீர்கள். நம்ம பக்கம் மென்பந்து என்றால் டெனிஸ் பந்து கிரிக்கெட்தான். அதில் பந்து தலைக்கு மேலிருந்து வரும், நிலத்தில் குத்தி எழும்பும், மட்டை பெரும்பாலும் நேராக இறங்கும். சொப்ட்போலில் எறிபவர் கையைக் கீழாகச் சுழற்றி இடுப்புப் பக்கத்தில் பந்தை விடுவார், பந்து குத்தாமலே வரும், மட்டை குறுக்காகப் போக வேண்டும். உங்கள் பிள்ளை எறிபவரின் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைக்கிறேன், அடுத்த முறை அவள் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அப்படியென்றால் அவளுக்கு வேண்டிய சொல் "பொக்கெட்". எறிபவரின் காற்சட்டைப் பொக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்துதான் பந்து வெளியே வரும், அங்கே பார் என்று அர்த்தம். இது "பந்தைப் பார்" என்பதைவிடத் திறம். 1980களில் அமெரிக்காவில் இரண்டு பொறியியலாளர்கள் அளந்து பார்த்தபோது, தொழில்முறை பேஸ்போல் வீரரின் கண்ணாலேயே கடைசி ஐந்தாறு அடிக்குப் பந்தைத் தொடர முடியவில்லை. பந்து மட்டையில் படும்வரை பார் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டால் எப்படி? கையைவிட்டு வெளியாகும் இடத்தில் பார்த்துவிட்டால் மிச்சத்தைக் கண் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

"முழங்கையைத் தூக்கு" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பின்முழங்கையை உயர்த்தினால் தோள் இறுகும், மட்டை வளைந்து சுற்றிவந்து பிந்தும். அமெரிக்காவிலும் பின்காலுக்கு "பூச்சியை நசுக்கு" என்று நெடுங்காலம் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படிச் சொன்னால் பிள்ளை பின்காலிலேயே நின்று சுற்றுகிறது, பாரம் முன்னுக்குப் போவதில்லை என்று கண்டு இப்போது பல பயிற்றுவிப்பாளர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

சரி, நாளைக்கு என்ன செய்வது? பழைய பெயின்ட் வாளியில் சீமெந்து போட்டு ஒரு பீவீசி குழாயை நட்டு, மேலே சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை மாட்டி, பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குப் பந்தை வையுங்கள். ஓடாத பந்தில் முதலில் "வலை" பழகட்டும், அது உடம்பில் ஊறிய பிறகு எறிகிற பந்துக்கு "பொக்கெட்" வரட்டும். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நீங்கள் சொல்லாமல், "பந்து எங்கே போனது, ஏன்?" என்று அவளிடம் கேளுங்கள். இன்னொன்று, கச்சான் காற்று வீசுகிற காலத்தில் திறந்த மைதானத்தில் நீளமான வசனம் பாதி வழியிலேயே காற்றோடு போய்விடும், சின்னச் சொல்தான் காதில் விழும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் சேர். என் மகள் பாடசாலை அணியில் விளையாடுகிறாள். போட்டியன்று நான் ஓரத்தில் நின்று சத்தம் போட்டு உற்சாகப்படுத்தினால் அடிக்கமாட்டாள், நான் போகாத நாளில் அடிக்கிறாள். நான் போகாமல் விடுவதா?
– ஒரு தந்தை, அக்கரைப்பற்று

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம். கட்டாயம் போங்கள், வாப்பா வந்து நிற்பது அவளுக்குப் பெரிய பலம். ஆனால் நீங்கள் போடுகிற சத்தம் உற்சாகமா கட்டளையா என்று யோசித்துப் பாருங்கள். "விடாதே, அடி, அடி!" என்பது கட்டளை. விடவேண்டிய பந்தும் இருக்கிறது. அக்குளுக்கு மேலே வருவதையும் முழங்காலுக்குக் கீழே வருவதையும் அவள் விட்டால்தான் நல்லது, நீங்கள் கத்தினால் அதற்கும் மட்டையை வீசுவாள். பயிற்றுவிப்பாளர் ஒன்று சொல்ல வாப்பா இன்னொன்று சொன்னால் யாருடைய பேச்சைக் கேட்பது என்று பிள்ளை திண்டாடும். போட்டிக்கு முதல்நாள் இரவு அவளிடமே கேளுங்கள், "நாளைக்கு நான் என்ன சொன்னால் உனக்கு நல்லாயிருக்கும்?" என்று. அவள் ஒரு சொல் தருவாள், அதை மட்டும் அவள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போகும்போது சொல்லுங்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் எல்லே (தடியால் பந்தடிக்கிற நம்ம நாட்டு விளையாட்டு) விளையாடுகிறேன். சொப்ட்போல் அணியில் சேர்ந்தால் என் அடி பழுதாகிவிடுமா?
– ஒரு மாணவி, வாழைச்சேனை

பதில்: பழுதாகாது மகள், சேருங்கள். மூங்கில் தடியால் மூன்று வாய்ப்புக்குள் அடித்துப் பழகிய கண்ணும் கையும் உங்களுக்குப் பெரிய முதல். உயரத் தூக்கி அடிக்கிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் சொப்ட்போலுக்கு மாற்ற வேண்டியிருக்கும், ஏனென்றால் உயரப் போகிற பந்தைக் கீழே நின்று பிடித்துவிடுவார்கள். "சுவர்" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். எதிரே இருக்கிற மதிலில் போய் மோதுகிற மாதிரி நேராக அடிப்பது. எல்லே விளையாடும் நாளில் அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள்.