ஓடிப் பிடிக்கும் நாய்க்கு எந்தக் கவசம்?

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டெக்சஸில் பண்ணை வைத்திருக்கும் நண்பருடன் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகிறேன். என் நாய் பிட்புல்லும் கர் என்ற அமெரிக்க வேட்டைநாய் இனமும் கலந்த ஆண், 29 கிலோ. பன்றியைத் தேடுவதும் அதுதான், பிடிப்பதும் அதுதான். கடையில் முழு உடம்பையும் மூடும் 3 கிலோ வெஸ்ட் ஒன்றையும், கழுத்தையும் நெஞ்சையும் மட்டும் மறைக்கும் ஒன்றையும் காட்டினார்கள். எதை வாங்கலாம்?
- சான் அன்டோனியோ வாசகர்

பதில்: சிறியதை வாங்குங்கள். அங்கே பிடிநாய்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையைக் கயிற்றிலேயே வைத்திருப்பார்கள். கட்டஹூலா, பிளாக் மவுத் கர் போன்ற நாய்கள் பன்றியைக் கண்டுபிடித்து, சுற்றி நின்று குரைத்து மறித்துக்கொள்ளும். அதன் பிறகுதான் அமெரிக்கன் புல்டாக் மாதிரியான பிடிநாயை அவிழ்த்துவிடுவார்கள். அது ஓடுவது கொஞ்ச தூரம், வேலை சில நிமிடம். அதற்கு 3 கிலோ ஒரு சுமையே இல்லை.

உங்களுடையது இன்னொரு வகை. மணிக்கணக்கில் முட்புதருக்குள் மோப்பம் பிடித்து ஓடிவிட்டு, களைத்த உடம்போடு பன்றியின் காதைக் கவ்வ வேண்டும். கவசம் பயன்படுவது அந்தக் கடைசி இரண்டு நிமிடம். நாய் அதைச் சுமப்பதோ இரவு முழுக்க.

நாய்க்கு வியர்ப்பது பாதங்களில்தான். உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்தே வெளியேற்றுகிறது. அதன் இயல்பான வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41 டிகிரியை எட்டினால் உயிருக்கே ஆபத்து. முடி குறைவாக உள்ள வயிறும் தொடையிடுக்கும் சூடு வெளியேற உதவும் இடங்கள். முழு வெஸ்ட் மூடுவது அவற்றைத்தான். பன்றி குத்தாமலே, வெஸ்ட்டின் சூட்டில் நாய் விழுந்துவிடலாம்.

அப்படியானால் எதை மூடுவது, எதைத் திறந்துவிடுவது? ஆண் பன்றியின் கீழ்க் கோரைப்பல் மேல் பல்லோடு உரசி உரசித் தானே கூர் தீட்டிக்கொள்கிறது. பன்றி தலையைத் தாழ்த்தி, கீழிருந்து மேலாக வெட்டும். காதைப் பிடித்துத் தொங்கும் நாயின் கழுத்தும் முன்நெஞ்சும் முன்விலாவும் அந்த வீச்சுக்கு நேராக இருக்கின்றன. கழுத்தின் பெரிய ரத்தக் குழாய் அறுந்தால் வண்டிக்குத் தூக்கி வருவதற்குள் முடிந்துவிடும். நெஞ்சில் ஆழக் குத்தினால் நுரையீரல் சுருங்கும். தொடையிலும் புட்டத்திலும் படும் வெட்டு பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் தைத்துவிடலாம். எனவே முதலில் கழுத்து, அடுத்து முன்நெஞ்சு, பிறகு முன்னங்கால் முட்டிக்குப் பின்னாலுள்ள விலா. வயிறு அதற்கும் பிறகுதான்.

29 கிலோ நாய்க்குக் கழுத்துப்பட்டையும் சேர்த்து ஒன்றரை கிலோ என்பது நாங்கள் வைக்கும் வரம்பு. வெக்கையான இரவுகளில் கழுத்தும் நெஞ்சும் போதும். குளிர்காலத்தில் விலாத் துண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழற்றி மாட்டக்கூடிய விலாத் துண்டு உள்ள வெஸ்ட் கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை.

கேள்வி: பழைய போலீஸ் குண்டு துளைக்காத அங்கியை வெட்டி நாய்க்குத் தைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். குண்டையே தடுப்பது பல்லைத் தடுக்காதா?
- ஆஸ்டின் வாசகர்

பதில்: தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். குண்டு மழுங்கலான முனையோடு அதிவேகமாக வருவது. அதை அடுக்கடுக்கான இழைகள் வலைபோல இழுபட்டுப் பிடிக்கின்றன. கூரான முனை மெதுவாக அழுந்தும்போது இழைகளை விலக்கிக்கொண்டு நடுவில் நுழைந்துவிடும். கத்திக்குத்தைத் தடுக்கும் அங்கிகளை இன்னும் நெருக்கமாக நெய்வதும், பிசின் பூசி இறுக்குவதும் இதற்காகத்தான். பன்றிப்பல் வெட்டவும் செய்யும், குத்தவும் செய்யும். இந்த அங்கிகளில் உள்ள கெவ்லர் இழை வெட்டை நன்றாகத் தாங்கும். குத்து அதன் பலவீனம்.

இன்னொரு சங்கதி. கெவ்லருக்கு வெயில் ஆகாது, பிளீச் ஆகாது, ஈரமும் ஆகாது. அதனால்தான் போலீஸ் அங்கியில் அதை ஒளியும் நீரும் புகாத உறைக்குள் வைத்து அடைக்கிறார்கள். வெட்டித் தைக்கும்போது அந்த உறை கிழிகிறது. ஏற்கெனவே காலாவதியான சரக்கு அது. சேற்றில் நனைந்தால் இன்னும் மோசம்.

நல்ல வெஸ்ட்டில் வெளிப்புறம் 1000 அல்லது 1680 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நைலான் இருக்கும். முள்ளும் உரசலும் அதோடு நின்றுவிடும். உள்ளே பல அடுக்குக் கெவ்லரை நெருக்கமாகத் தையல் ஓட்டி வைத்திருப்பார்கள். தையல் ஓட்டாவிட்டால் நான்கு வேட்டையிலேயே அடுக்குகள் சரிந்து கீழே உருண்டுகொள்ளும். மேலே வெறும் துணிதான் மிஞ்சும். தைப்பவரிடம் அந்த அடுக்கில் ஒரு சிறு மாதிரி கேட்டு வாங்குங்கள். சுருட்டிய குளியல் துண்டின் மேல் அதை விரித்து, கூர் தீட்டிய ஸ்க்ரூடிரைவரை உடம்பின் எடை முழுதும் கொடுத்து அழுத்திப் பாருங்கள். கீழே உள்ள துண்டு ஓட்டையானால் நாயும் ஓட்டைதான்.

வாங்கும் முன் எடையை இரண்டு முறை போடுங்கள். காய்ந்தபடி ஒரு முறை. வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, ஐந்து நிமிடம் வடியவிட்டு இன்னொரு முறை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினால் உள்ளே தண்ணீர் குடிக்கும் ஃபோம் இருக்கிறது என்று அர்த்தம். பன்றி ஆற்றுக்குள் இறங்கினால் நாயும் பின்னாலேயே இறங்கும். அந்த வெஸ்ட் அதைக் கீழே இழுக்கும்.

கேள்வி: குயின்ஸ்லாந்தில் இருக்கிறோம். எங்கள் புல் அராப் இன வேட்டைநாய்க்கு எல் சைஸ் வெஸ்ட் வாங்கினோம். இரண்டே வேட்டையில் அக்குள் புண்ணாகிவிட்டது.
- பிரிஸ்பேன் வாசகர்

பதில்: எஸ், எம், எல் என்பது கடைக்காரர் வசதிக்கு. டேப்பை எடுத்து நான்கு அளவு எடுங்கள்: கழுத்தின் சுற்றளவு, முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சின் சுற்றளவு, கழுத்தடியிலிருந்து வால் முளைக்கும் இடம்வரை முதுகின் நீளம், இரு தோள்களுக்கு நடுவே முன்நெஞ்சின் அகலம். புல் அராப்புக்கு நெஞ்சு ஆழம், இடுப்பு ஒடுக்கம். நெஞ்சுக்குப் பொருந்துவது இடுப்பில் தொங்கும், தொங்குவது உரசும். உங்கள் நாய்க்கு நடந்தது அநேகமாக இதுதான்.

மாட்டிய பிறகு எந்த இடத்திலும் இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தளர்வு. முன்னங்காலை முழுதாக முன்னால் நீட்டிப் பாருங்கள். நெஞ்சுத் துண்டின் ஓரம் தோளில் இடித்தால் நாய் எட்டி வைக்கும் தூரம் குறையும். கால் ஓட்டையின் விளிம்பு அக்குளிலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும். ஆண் நாய் என்றால் வயிற்றுத் துண்டு சிறுநீர் துவாரத்துக்கு முன்பே முடிய வேண்டும். இல்லையென்றால் நனைந்து நனைந்து தோல் வெந்துவிடும். புண் ஆறும்வரை வெஸ்ட் வேண்டாம், வேட்டையும் வேண்டாம். பிறகு தினம் அரை மணி நேரம் வெறும் நடைக்கு மாட்டிப் பழக்குங்கள்.

கேள்வி: பக்கிளா, வெல்க்ரோவா? ஜிபிஎஸ் பட்டையை எங்கே கட்டுவது?
- ஹூஸ்டன் வாசகர்

பதில்: வெல்க்ரோவில் ஒட்டுப்புல்லும் சேறும் அடைத்துக்கொள்ளும், பிறகு பிடிக்காது. அழுத்தித் திறக்கும் பிளாஸ்டிக் பக்கிளைப் பன்றி கடித்தால் உடையும். உலோகப் பக்கிளே மேல், அதுவும் முதுகுப் பக்கம். வார் முனைகளை மடித்துச் செருகுங்கள், தொங்கும் முனை கிளையில் மாட்டும். ஜிபிஎஸ் பட்டையைக் கழுத்துக் கவசத்துக்கு அடியில் கட்டினால் ஆன்டெனா மடங்கி, சமிக்ஞை எட்டும் தூரம் குறைந்துவிடும். மேலே, ஆன்டெனா வானத்தைப் பார்த்து நிற்கும்படி கட்டுங்கள்.

கேள்வி: வெஸ்ட் போட்டுவிட்டால் காயத்தைப் பற்றிக் கவலை இல்லை அல்லவா?
- டல்லாஸ் வாசகர்

பதில்: வேட்டை முடிந்ததும் வண்டி விளக்கிலேயே வெஸ்ட்டைக் கழற்றுங்கள். விரல்களை முடிக்கு எதிர்த்திசையில் அழுத்தி ஓட்டினால்தான் சிறு துளை தெரியும். கடுகளவு துளைக்கு அடியில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பிரிந்து கிடக்கலாம். அதை நீங்களே ஸ்டேப்ளர் போட்டு அடைக்காதீர்கள், உள்ளே சீழ் வைக்கும். உப்புநீரால் கழுவி மருத்துவரிடம் போங்கள். நெஞ்சுத் துளையில் காற்று உறிஞ்சும் சத்தம் கேட்டால் காற்று புகாமல் மூடிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். மூச்சிரைப்பு அடங்காமல் நாய் தள்ளாடினால் முதலில் வெஸ்ட்டைக் கழற்றுவது, அப்புறம் தண்ணீர் ஊற்றிக் காற்றில் நிறுத்துவது. வெப்பமானி 39.5 காட்டியதும் குளிர்விப்பதை நிறுத்துங்கள். விட்டால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

எந்த வெஸ்ட்டும் தடுக்காத ஒன்று உண்டு. அமெரிக்கக் காட்டுப்பன்றிகளில் சூடோரேபிஸ் என்ற வைரஸ் இருக்கிறது. நாய்க்கு வந்தால் தாங்க முடியாத அரிப்பு, எச்சில் ஒழுகல், இரண்டு மூன்று நாளில் மரணம். சிகிச்சை கிடையாது. பன்றியின் பச்சை இறைச்சியையோ குடலையோ நாய்க்குப் போடவே கூடாது. பன்றியை அறுக்கும்போது நீங்கள் கையுறை போடுங்கள்; பன்றியிடம் இருக்கும் புரூசெல்லோசிஸ் என்ற பாக்டீரியா நோய் மனிதருக்கும் தொற்றும்.

கேள்வி: கோம்பை நாய் வைத்திருக்கிறேன். இந்த வெஸ்ட்டை வரவழைத்து இங்கே பன்றி பிடிக்கப் பழக்கலாமா?
- தேனி வாசகர்

பதில்: கூடாது. டெக்சஸில் தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தால் போதும், 2019 முதல் வேட்டை உரிமம்கூட வேண்டாம். காரணம், அங்கே அது வெளியிலிருந்து வந்து பெருகிய பன்றி. இங்கே அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. நாயை ஏவிப் பிடிப்பது குற்றம். கோம்பை ஒரு காலத்தில் பன்றி வேட்டைக்குப் பேர்போன நாய் என்பது உண்மைதான், ஆனால் அது வழக்கில் உதவாது. தோட்டக் காவலுக்கு நிற்கும் நாயைப் பன்றி தாக்கும் பயம் இருந்தால், நான்கு விரல் அகலத்தில் இரட்டைத் தோலில் ஒரு கழுத்துப்பட்டை தைத்துப் போடுங்கள். பகலில் கழற்றிவிடுங்கள்.