வரிச் சலுகை மாறும்போது நாடாளுமன்றம் என்ன செய்யும்?

கேள்வி: ஆசியான் நாடுகளுடனான வர்த்தக ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்கிறார்களே, திருத்தம் முடிவானால் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு உண்டா?
- வாசகர், அம்பத்தூர்

பதில்: கிடையாது. வெளிநாட்டு ஒப்பந்தம் போடுவது ஒன்றிய அரசின் நிர்வாக அதிகாரம். குடிமக்களின் உரிமை பாதிக்கப்பட்டாலோ, நடப்புச் சட்டத்தை மாற்ற வேண்டியிருந்தாலோதான் புதுச் சட்டம் தேவை என்று 1969-இல் மகன்பாய் படேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரிட்டனில் நிலைமை வேறு. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒப்பந்தம் 21 அமர்வு நாட்கள் அவையின் முன் இருந்தாக வேண்டும். நம்மிடம் அப்படியொரு சட்டம் இல்லை, இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் நாடாளுமன்றத்துக்குப் பிடியே இல்லையா?
- வாசகர், பாரிமுனை

பதில்: இருக்கிறது, ஆனால் தாமதமாக வரும் பிடி. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், சுங்கச் சட்டம் 1962-இன் 25-ஆவது பிரிவில் அரசின் அறிவிக்கை (அரசிதழில் வெளியாகும் உத்தரவு) வந்தால்தான் துறைமுகத்தில் வரி குறையும். அந்த அறிவிக்கையை 159-ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் மொத்தம் 30 நாட்கள் வைக்க வேண்டும். இரு அவைகளும் ஒப்புக்கொண்டால் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். சிக்கல் இங்கேதான்: அறிவிக்கை வந்த நாளிலிருந்தே அமலில் இருக்கும், பிறகு ரத்தானாலும் அதுவரை நடந்த இறக்குமதி செல்லும். அவை கூடாத மாதத்தில் வெளியானால், மேசைக்கு வருவதற்குள் சரக்கு கிடங்குக்கே போய்விடும்.

வரியை ஏற்றுவதற்குக் கெடுபிடி அதிகம். சுங்கக் கட்டணச் சட்டத்தின் 8ஏ பிரிவில் அவசரமாக ஏற்றினால், மக்களவையில் வைத்த 15 நாட்களுக்குள் ஒப்புதல் கேட்டுத் தீர்மானம் கொண்டுவர வேண்டும். குறைப்பதற்கு அப்படிக் கேட்க வேண்டியதில்லை. உள்ளூர் உற்பத்தியாளருக்கு வலிப்பது குறைப்புதான் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. வரி விகித அறிவிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் பிறப்பிட விதிகளை, அதாவது சரக்கு எந்த நாட்டில் உருவானதாகக் கொள்ளப்படும் என்று சொல்லும் விதிகளை, தவறவிடுகிறார்கள். அவை 'என்.டி.' (வரி விகிதம் சாராதவை) என்று முடியும் தனி வரிசையில் வரும். ஆசியான் சலுகைக்குப் பொது விதி ஆசியான் வட்டாரத்தில் 35 சதவீத மதிப்புக் கூட்டலும், மூலப்பொருளின் ஆறு இலக்கச் சுங்கக் குறியீடு தயாரிப்பில் மாறியிருப்பதும். இதைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும், வரி விகிதத்தைத் தொடாமலே சந்தை திறந்துவிடும்.

கேள்வி: எங்கள் சிறுதொழில் சங்கம் என்ன செய்யலாம்?
- வாசகர், கிண்டி

பதில்: கையெழுத்துக்கு முன்பே நகருங்கள். வர்த்தகத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு மனு கொடுங்கள். அதில் 31 பேர். மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. அதன் செயலகம் மாநிலங்களவையில் இருக்கிறது. மனுவில் 'எங்கள் தொழில் நசிகிறது' என்று மட்டும் எழுதினால் கோப்பில் தூங்கும். பொருளின் எட்டு இலக்கச் சுங்கக் குறியீடு, இப்போதைய வரி, கேட்கும் வரி, எந்த நாட்டிலிருந்து எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். இறக்குமதிக் கணக்கு வர்த்தக அமைச்சக இணையதளத்திலேயே கிடைக்கும். அதையே உங்கள் எம்.பி.யிடம் கொடுத்து, நட்சத்திரமிடாத கேள்வியாக (எழுத்தில் பதில் வரும் கேள்வி) கேட்கச் சொல்லுங்கள். 15 முழு நாட்கள் முன்னறிவிப்பு வேண்டும். பேச்சுவார்த்தை ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் நாட்டின் பொருளாதார நலனும் வெளிநாட்டு உறவும் பாதிக்கும் என்று 8(1)(அ) பிரிவைக் காட்டி மறுக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: தமிழக சட்டமன்றத்தால் தடுக்க முடியுமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: தீர்மானம் போடலாம், தடுக்க முடியாது. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், ஒப்பந்தத்தை நிறைவேற்ற நாடாளுமன்றம் சட்டமியற்றலாம் என்கிறது அரசமைப்பின் 253-ஆவது பிரிவு.