பொருத்தமே இல்லாத ஜோடியா நாங்கள்?

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இரண்டு குழந்தைகள். குடி, அடி, சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனால் எனக்கும் அவருக்கும் எதிலுமே ஒத்துப்போகாது. நான் ஓயாமல் பேசுகிறவள்; அவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். எனக்கு நாலு பேர் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம், அவருக்கு யாரும் வராமல் இருந்தால் சந்தோஷம். இணையத்தில் ஒரு பொருத்தத் தேர்வு எழுதிப் பார்த்தேன், நூற்றுக்கு 38 வந்தது. போன மாதம் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆசையாகப் போய்ச் சொன்னேன். போனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்போ இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவே" என்றார். தப்பான ஆளைக் கட்டிக்கொண்டேனா? போகப் போக இன்னும் மோசமாகத்தான் ஆகுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் அந்த 38-ஐத் தூக்கிப் போடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே மாதிரி குணம் கொண்டவர்களாக இருந்தால் அதிக நிறைவோடு வாழ்கிறார்களா என்று ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளின் பெரிய கணக்கெடுப்புகளை வைத்து 2010-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயிரக்கணக்கான தம்பதிகள். ஒரு தம்பதிக்கும் இன்னொரு தம்பதிக்கும் மனநிறைவில் இருந்த வித்தியாசத்தில், குண ஒற்றுமை என்ற ஒன்றால் விளக்க முடிந்தது அரை சதவீதத்துக்கும் குறைவு. ஒருவர் எளிதில் பதறுகிறவரா, விட்டுக்கொடுத்துப் போகிறவரா என்பதெல்லாம் கணக்கில் வந்தது. இருவர் குணமும் ஒன்றுபோல இருக்கிறதா என்பது ஏறக்குறைய வரவே இல்லை. நீங்கள் வாயாடியாகவும் அவர் அமைதியாகவும் இருப்பது உங்கள் பிரச்சினை என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் எது கணக்கில் வருகிறது? கனடாவின் சமந்தா ஜோயலும் அவரோடு சேர்ந்த எண்பதுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்களும் தங்களிடம் இருந்த 43 தரவுத் தொகுப்புகளை ஒன்றாகக் கொட்டி, 11,196 தம்பதிகளின் பதில்களைக் கணினியிடம் கொடுத்து அலசினார்கள். 2020-இல் முடிவு வந்தது. வயது, வருமானம், குணம், வளர்ந்த விதம் போன்ற தனிமனித விவரங்கள் ஒருவரின் மனநிறைவில் 21 சதவீதம் வரை விளக்கின. உறவு எப்படி இருக்கிறது என்று அவரே உணர்வது 45 சதவீதம் வரை விளக்கியது. இந்த இரண்டாவது பட்டியலில் முன்னால் நின்றவை: துணை இந்த உறவில் உறுதியாக இருக்கிறார் என்ற நம்பிக்கை, துணையின் மேல் இருக்கும் மதிப்பும் நன்றியும், தாம்பத்திய உறவில் நிறைவு, துணையும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார் என்ற எண்ணம், சண்டைகள். துணை தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுத்த விவரங்களைக் கூடுதலாகச் சேர்த்தும் கணிப்பு பெரிதாக மேம்படவில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்குத் துணை செய்வதெல்லாம் நல்லதாகவே தெரியும், அதனால் எது காரணம், எது விளைவு என்பதை இந்த எண்கள் தீர்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் "சரியான ஆளா?" என்ற கேள்வியைவிட "இவருக்கு நான் முக்கியம் என்று எனக்குப் படுகிறதா?" என்ற கேள்விக்குத்தான் கனம் அதிகம்.

உங்கள் கடிதத்தில் அந்தக் கேள்வி ஒரே ஒரு இடத்தில்தான் எட்டிப் பார்க்கிறது. பதவி உயர்வு விஷயத்தில்.

ஷெல்லி கேபிள் என்ற அமெரிக்க உளவியலாளர் இதையே ஆராய்ந்திருக்கிறார். கஷ்டத்தில் துணை நிற்கிறாரா என்றுதான் எல்லோரும் பார்க்கிறோம், நல்ல செய்தி சொல்லும்போது எப்படி நடந்துகொள்கிறார் என்று அவர் பார்த்தார். நான்கு விதமான பதில்கள் வருகின்றன. "அடேயப்பா, எப்படி நடந்தது, முழுசாச் சொல்லு" என்று ஆர்வமாகக் கேட்பது ஒன்று. "நல்லது" என்று முடித்துவிடுவது ஒன்று. காதிலேயே வாங்காமல் வேறு பேச்சுக்குப் போவது ஒன்று. நல்ல செய்தியிலிருந்தும் ஒரு குறையைத் தோண்டி எடுப்பது ஒன்று. உங்கள் கணவர் சொன்னது நாலாவது ரகம். 2006-இல் வந்த ஆய்வில் 79 காதல் ஜோடிகளை வீடியோவில் பதிவுசெய்து பார்த்தபோது, கெட்ட செய்திக்குக் கிடைத்த ஆறுதலைவிட நல்ல செய்திக்குக் கிடைத்த வரவேற்புதான் உறவின் நலத்தோடு நெருக்கமாகப் பொருந்தியது. அவர்கள் கல்யாணமாகாதவர்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் உங்கள் மனது ஏன் இன்னும் அந்த ஒரு வாக்கியத்திலேயே நிற்கிறது என்பது இதில் எனக்குப் புரிகிறது.

அதே வாக்கியத்தை அவர் பக்கம் நின்று ஒரு தடவை படியுங்கள். "இனிமே இன்னும் லேட்டாத்தான் வருவே." பொறாமையும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் அவருக்கு ஒரு கணக்காக இருக்கிறது என்பது அதில் தெரிகிறதே! இரண்டு குழந்தைகளோடு அந்தக் கூடுதல் மணி நேரத்தை யார் சமாளிப்பது என்ற பயமாகவும் இருக்கலாம். லிசா நெஃப், பெஞ்சமின் கார்னி ஆகியோரின் ஆய்வுகளில் இது தெளிவாக வருகிறது: வேலை, பணம், உடல்நலம் என்று வெளியிலிருந்து நெருக்கடி கூடும் காலத்தில், சாதாரணமாக நன்றாகப் பேசத் தெரிந்த தம்பதிகள்கூடத் துணையின் சின்னக் குறைகளுக்குப் பெரிதாக எதிர்வினை காட்டுகிறார்கள். களைத்துப்போன இரண்டு பேரைப் பார்த்துப் "பொருத்தம் இல்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். பதவி உயர்வுக்குப் பிறகு வீட்டு வேலையை எப்படிப் பிரிப்பது என்று இருவரும் இதுவரை பேசவில்லை என்றால் இந்த வாரமே பேசுங்கள். அவர் சொன்னதில் நியாயமான பாதி அதுதான்.

மீதிப் பாதியை அவரிடம் நேராகச் சொல்லுங்கள். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பிக்க வேண்டாம், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "அன்னைக்கு நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சேன், கஷ்டமா இருந்தது" என்றால் போதும். பேசாத மனிதர்கள் பல பேருக்கு, எதிரில் இருப்பவர் என்ன எதிர்பார்த்தார் என்பதே தெரிவதில்லை.

கூடவே ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். அவர் கடைசியாக ஏதோ ஒரு நல்ல விஷயம் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் என்ற உளவியலாளர் தம்பதிகளை வீடு போல அமைத்த ஓர் ஆய்வுக்கூடத்தில் சாதாரணமாக ஒரு நாளைக் கழிக்கவிட்டு வீடியோ எடுத்துப் பார்த்தார். ஒருவர் துணையின் கவனத்தைக் கேட்கும் தருணங்கள் மிகச் சின்னதாக இருந்தன. "அங்க பாரேன்" என்று ஜன்னலைக் காட்டுவது போல, அவ்வளவுதான். அமைதியான ஆட்கள் கேட்பது இப்படித்தான் இருக்கும், ஓயாமல் பேசுகிறவர்கள் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம்.

(காட்மனைப் பற்றி இன்னொன்று: ஒரு தம்பதி பிரிவார்களா என்று 90 சதவீதத்துக்கு மேல் துல்லியமாகச் சொல்லிவிடுவார் என்று பத்திரிகைகள் எழுதுவது வழக்கம். முடிவு தெரிந்த பிறகு அதே தரவில் சூத்திரத்தைப் பொருத்திப் பார்த்த எண்கள் அவை என்று 2001-லேயே வேறு ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டிவிட்டார்கள். யாராவது ஐந்து நிமிடத்தில் உங்கள் மணவாழ்க்கையைக் கணித்துச் சொல்கிறேன் என்றால் காசு கொடுக்காதீர்கள்.)

இனி, மோசமாகுமா என்ற கேள்வி. 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, சுமார் 1,65,000 பேரின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரியாக உறவின் முதல் பத்து ஆண்டுகளில் மனநிறைவு இறங்குகிறது, பத்தாம் ஆண்டில் அடிமட்டம் தொடுகிறது, பிறகு இருபதாம் ஆண்டு வரை ஏறுகிறது. நீங்கள் ஒன்பதாம் ஆண்டில் எழுதியிருக்கிறீர்கள்! ஆனால் இதை வைத்து "இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று நான் சொல்லமாட்டேன். பிரிந்து போனவர்கள் கணக்கிலிருந்து விலகிவிடுவதாலும் பின்னால் வரும் சராசரி உயரும். தனித்தனி தம்பதிகளைத் தொடர்ந்து பார்த்தவர்கள், பெரும்பாலானோருக்கு நிறைவு ஆண்டுக்கணக்கில் அதிகம் மாறுவதில்லை, ஆரம்பத்திலேயே குறைவாக இருந்தவர்களுக்குத்தான் சரிவு பெரிது என்கிறார்கள். ஜோயலின் கணினியாலும் யாருடைய உறவு ஏறும், யாருடையது இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. அதனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில், மோசமாகித்தான் தீரும் என்று எந்த விதியும் கிடையாது.

விருந்தாளிகள் விஷயம் தீராது. தம்பதிகளின் கருத்து வேறுபாடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆண்டுகள் கடந்தும் அப்படியே இருக்கின்றன என்று காட்மன் கண்டார். நாலு பேர் வரும் நாளும் யாரும் வராத நாளும் இரண்டுமே இருக்கட்டும், அதற்கு மேல் மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாக, செலவில்லாத ஒரு பயிற்சி. எலி ஃபிங்கல் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 120 தம்பதிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தார்கள். முதல் ஆண்டில் எல்லோருக்கும் நிறைவு கொஞ்சம் இறங்கியது. இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மட்டும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நிமிட எழுத்து வேலை கொடுத்தார்கள்: இருவருக்கும் நல்லது நினைக்கும் ஒரு மூன்றாம் மனிதர் உங்கள் சமீபத்திய சண்டையை எப்படிப் பார்ப்பார், அப்படிப் பார்க்க உங்களைத் தடுப்பது எது, அடுத்த முறை அதை எப்படித் தாண்டுவீர்கள். எழுதியவர்களுக்குச் சரிவு நின்றுவிட்டது, மற்றவர்களுக்குத் தொடர்ந்தது. சண்டைகள் குறையவில்லை, சண்டையால் வந்த மன உளைச்சல் குறைந்தது. போன மாத வாக்கியத்திலிருந்தே நீங்கள் தொடங்கலாம். அந்த ஆய்வில் கணவன், மனைவி இருவருமே எழுதினார்கள். ஒருவர் மட்டும் எழுதினால் அதே பலன் கிடைக்கும் என்று நான் உறுதி தர முடியாது, அதனால் அவரிடமும் கேட்டுப் பாருங்கள். பேசத் தயங்குகிறவர்களுக்கு எழுதுவது சில சமயம் சுலபமாக இருக்கும்.