யாரோடு தங்குவது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். மேற்படிப்புக்காக மூன்று ஆண்டுகள் அமெரிக்காவில் இருந்தேன். அங்கே பல்கலைக்கழக விடுதிகளில் ஒரு தளத்தை இசைக்கும், ஒரு வீட்டைச் சுற்றுச்சூழலுக்கும், இன்னொன்றை மொழி படிப்பவர்களுக்கும் என்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரே ஆர்வமுள்ள மாணவர்கள் அங்கே சேர்ந்து தங்குகிறார்கள். சிலவேளை ஆசிரியர்களும் அவர்களோடு இருந்து சாப்பிடுவார்கள். எங்களிடம் இப்படி எதுவும் இல்லை. விடுதியின் மூன்று தளங்களைக் கர்நாடக இசை, ஆங்கிலம், சுற்றுச்சூழல் என்று பிரித்து, விண்ணப்பப் படிவத்தில் மாணவர் தம் விருப்பத்தை எழுதும்படி செய்யலாம் என்று ஒரு முன்மொழிவு தயாரிக்கிறேன். இதனால் பகிடிவதையும் குறையும். எந்தக் கருப்பொருளோடு தொடங்குவது நல்லது? முதலாம் ஆண்டு மாணவரையும் சேர்க்கலாமா? பழைய மாணவர் என்ற முறையில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

க., கொக்குவில்

அன்புள்ள க.,

போன மாதம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் ஒழுங்கையால் சைக்கிளில் போனேன். கம்பஸில் படிக்கும் காலத்தில் நான் அறை எடுத்திருந்த வீட்டை இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இரண்டு மாடி எழும்பியிருக்கிறது. ‘மாணவிகளுக்கு அறைகள் வாடகைக்கு உண்டு’ என்று மதிலில் பலகை. பழைய வீட்டில் மிச்சம் இருப்பது கிணறு மட்டும்தான். அதற்கும் இரும்பு வலை போட்டு மூடி, மோட்டார் பூட்டியிருக்கிறார்கள். அன்றிலிருந்து என் மனம் சரியில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

முதலில் பாராட்டு. வெளிநாடு போய்த் திரும்புகிற எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இங்கே தூசி என்று முறைப்படுகிறார்கள். மீதிப் பேர் போனதையே மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மாணவன் எங்கே படுக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்று யோசித்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

இனி ஏச்சு. பகிடிவதை குறையும் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். அதைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. சட்டத்துக்கு அடங்காத சாமான், தளத்துக்குப் பெயர் வைத்தால் அடங்குமா? அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதை நம்பி யாராவது கையெழுத்துப் போட்டால் பிறகு உங்களைத்தான் பிடிப்பார்கள். ஆங்கிலத் தளத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வையுங்கள். படிக்கட்டுவரை ஆங்கிலம் பேசிவிட்டு அறைக்குள் போய்த் தமிழில் சிரிப்பார்கள். அதுவும் ஒரு பயிற்சிதான். சுற்றுச்சூழல் தளத்துக்கு முதலில் ஒரு குப்பைக் கிடங்கு வெட்டிக் கொடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்ப்போம்.

நீங்கள் பார்த்துவிட்டு வந்த ஏற்பாட்டுக்கு நீண்ட கதை உண்டு. 1927இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் மைக்கல்ஜோன் ‘பரிசோதனைக் கல்லூரி’ என்று ஒன்றைத் தொடங்கினார். மாணவர்கள் ஒரே விடுதியில் இருந்துகொண்டு, முதல் ஆண்டு முழுக்கப் பழைய ஏதென்ஸ் நகரத்தையும், அடுத்த ஆண்டு தங்கள் அமெரிக்காவையும் படித்தார்கள். 1932இல் அது மூடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1970இல் கலைகளுக்கென்று ரிஸ்லி மண்டபம் வந்தது. 1972இல் கறுப்பின மாணவர்களின் உஜாமா வந்தது. 1991இல் பூர்வகுடி மாணவர்களுக்கென்று அக்வேகோன் வந்தது. உஜாமா என்பது சுவாஹிலிச் சொல். குடும்பமாய் இருத்தல் என்று பொருள். அந்த வீடு யாரோ ஒருவருக்குத் திடீரென்று தோன்றிய யோசனையால் வந்ததல்ல. 1969 ஏப்ரலில், அதே கோர்னெலில், கறுப்பின மாணவியர் தங்கியிருந்த வீட்டின் முன்னால் இரவோடு இரவாகச் சிலுவை ஒன்றைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். அங்கே அது இனவெறியரின் மிரட்டல். அந்தப் பயத்தில் நின்றவர்கள் தங்களுக்கென்று ஒரு கூரை கேட்டார்கள். அப்படியிருந்தும், இது பிரித்து வைப்பதுதானே என்று அந்த நாட்டிலேயே பிறகு வாதாடினார்கள்.

வெளியே தள்ளப்பட்டவன் கூரை தேடுவது வேறு, கூரைக்குச் சொந்தக்காரன் தன் ஆட்களை மட்டும் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவது வேறு. உங்கள் முன்மொழிவு இந்த இரண்டையும் ஒரே படிவத்தில் போட்டிருக்கிறது.

எங்களிடம் இப்படி எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, இருந்தது. சமறி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தகப்பனார் 1950களில் கொழும்பில் எழுதுவினைஞராக இருந்தார். கல்யாணமாகாதவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டவர்களுமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து வெள்ளவத்தையில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். சமையலுக்கு ஓர் ஆள், மாதக் கடைசியில் கணக்குப் பிரிப்பு. 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபின் விடுமுறைக்கு ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவார்கள். ஒருவருக்கு இடமாற்றம் வந்தால் அந்தக் கட்டிலுக்கு அடுத்த ஆளும் ஊரிலிருந்துதான் வருவார். அந்த வீட்டின் கருப்பொருளை வாசலில் எழுதிவைக்கத் தேவை இருக்கவில்லை. ஊர். எங்கள் நாட்டில் ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் வேறு எது ஒளிந்திருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இங்கேதான் கிணற்றுக் கதை வருகிறது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனபோது, மாணவர் தங்கிப் படிக்கும் இடமாகவே அதைத் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் அமைத்தார். மண்டபங்களுக்கு அருணாசலம், இராமநாதன் என்று எங்கள் ஆட்களின் பெயர்களையும் வைத்தார்கள். 1974இல் அதே இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது கதை வேறு. சுற்றியிருந்த ஊர்கள்தான் விடுதி. திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் வீடுகளின் முன்னறையும் பின்னறையும் மாணவர்களால் நிறைந்தன. 1978இல் நான் சேரும்போது அது வளாகம், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம், சனத்துக்கு இன்றைக்கும் கம்பஸ். 1977 கலவரத்தோடு சிங்கள மாணவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஆகவே மிஞ்சிய எங்களுக்குள் பேதம் இருந்திராது என்று உங்கள் தலைமுறை நினைக்கிறது.

மூன்று பேர் ஒரு பின்னறைக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா எங்களை விறாந்தையில் கதிரை போட்டு இருத்தி ஊர் கேட்டார். நான் சொன்னேன். சரி. மற்றவன் சொன்னான். சரி. மூன்றாமவனின் ஊர் என் ஊரிலிருந்து மூன்று மைல். அவன் பெயரை எழுதமாட்டேன். “அங்கே எவ்விடம் தம்பி? கோயிலுக்குக் கிழக்கா, மேற்கா?” என்றார். “கிழக்கு” என்றான். அம்மா பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அறை இல்லை என்றும் சொல்லவில்லை. வாடகை வாடகைதானே. பின்னேரம் தேநீர் வந்தது. இரண்டு மூக்குப்பேணி, ஒரு கண்ணாடிக் கிளாஸ். கிளாஸின் அடியில் சிவப்புக் கியூட்டெக்ஸால் ஒரு புள்ளி. அவன் குடித்தான், கிணற்றடிக்குப் போனான், தானே கழுவி, கிணற்றுக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்தான். அந்தக் கிளாஸ் ஒரு நாளும் குசினிக்குள் போனதில்லை. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நான் பேணியை அண்ணாந்து குடித்தேன்.

கொஞ்ச நாளில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று வாங்கி நாங்களே இரவில் சமைக்கத் தொடங்கினோம். அவனுக்குக் கைப்பக்குவம் இருந்தது. அவன் வைத்த கத்தரிக்காய்க் குழம்பின் வாசத்துக்கு வீட்டுக்கார அம்மாவே அறை வாசல்வரை வந்து நின்றது உண்டு. ஒரே சட்டி, மூன்று கோப்பை, எது யாருடையது என்ற கணக்கு இல்லை. புள்ளிவிபரவியல் என் மண்டையில் ஏறாது. பாணைச் சம்பலில் தொட்டுக்கொண்டே அவன் சொல்லித் தந்ததில்தான் நான் முதலாம் ஆண்டு தாண்டினேன். இப்படிப் பத்து மாதம்.

இரண்டாம் ஆண்டு கோண்டாவிலில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் தம் வீட்டில் நாலு பேருக்குப் பெரிய அறை இருப்பதாகச் சொன்னார். ஒரு கொப்பித் தாளைத் தந்து, “நீங்களே ஆட்களைத் தெரிந்து எழுதித் தாருங்கள்” என்றார். அவ்வளவுதான். கிழக்கு மேற்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்று இரவு நான் எழுதினேன். என்னோடு சேர்த்து நாலு பெயரும் ஒரே பள்ளிக்கூடம். அவன் எதிரே குந்தியிருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். “எழுதிவிட்டாயா?” என்றான். “எழுதிவிட்டேன்” என்றேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் அவன்தான் சமைத்தான்.

அவனைத் தள்ளவேண்டும் என்று நினைத்து எழுதியிருந்தால்கூட ஒரு பாவமன்னிப்புக் கேட்கலாம். நான் அப்படி நினைக்கவே இல்லை. நாலு பேருக்கும் கிரிக்கெட் பைத்தியம், நாலு பேருக்கும் ஒரே பகிடி விளங்கும், அதனால் எழுதினேன். உங்கள் படிவம் அன்றைக்கு இருந்திருந்தால் ‘கருப்பொருள்: கிரிக்கெட்’ என்று நிரப்பியிருப்பேன், அதிகாரிகளும் மகிழ்ச்சியோடு முத்திரை குத்தியிருப்பார்கள். 1990களில் ஒருமுறை அவனைப் பஸ்ஸில் கண்டேன். மண்ணெண்ணெய் விலையைப் பற்றிப் பேசினோம்.

ஆகவே, தம்பி, ‘விருப்பம்’ என்று ஒரு கட்டம் போடுகிறீர்களே, அதை யார் எதைக்கொண்டு நிரப்புவார்கள் என்று ஒரு நாள் முழுக்க இருந்து யோசியுங்கள். கர்நாடக இசைத் தளம் என்கிறீர்கள். வீட்டில் சுருதிப்பெட்டி இருந்தவன் வருவான். சங்கீத ஆசிரியர் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்த பிள்ளை வருவாள். மன்னாரில் கரைவலை இழுப்பவரின் மகன் நல்ல குரல்காரனாக இருப்பான், ஆனால் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் ‘இது எனக்கில்லை’ என்று தாண்டிப் போய்விடுவான். தெற்கே காலியிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே விளங்காது. பெயர் இசை, உள்ளே இருப்பது பழைய சமறி. இசைதான் வேண்டும் என்றால் மேளத் தளம் என்று வையுங்களேன். தவில், பறை, கண்டிய மேளம் மூன்றும் ஒரே கூடத்தில். 2016 ஜூலையில் எங்கள் கம்பஸின் புதுமுக மாணவர் வரவேற்பில் சிங்களவரின் கண்டிய நடனமும் சேருமா என்ற கேள்வி அடிதடியில் முடிந்ததே, நீங்கள் அப்போது மாணவராக இருந்திருக்கவேண்டும். என் தளத்தில் முதல் வாரம் ஒருவரும் நித்திரை கொள்ளமாட்டார்கள். இரண்டாம் வாரம் சண்டை வரும். மூன்றாம் வாரம் எவனாவது ஒருவன் மற்றவனின் தாளத்தை மேசையில் தட்டிப் பார்ப்பான். எனக்கு அது போதும்.

உங்கள் கடிதத்தில் நல்ல வரி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் போகிற போக்கில் விட்டுவிட்டீர்கள்: ஆசிரியர்களும் அவர்களோடு இருந்து சாப்பிடுவார்கள். அதைத்தான் பெரிய எழுத்தில் போட்டிருக்கவேண்டும். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக வாங்கில் இருத்துங்கள் என்று உத்தரவு வந்தபோது இந்த யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் எரிந்தன. அதே காலத்தில்தான் வாலிபர் காங்கிரஸ்காரர் எல்லாரையும் ஒரே பந்தியில் இருத்திச் சமபோசனம் நடத்தினார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எங்கள் ஆட்கள் மேடையில் எதையும் ஒத்துக்கொள்வார்கள், சாப்பாட்டில் கை வைத்தால்தான் உண்மை வெளியே வரும் என்று. ஆகவே குசினியிலிருந்து தொடங்குங்கள். தளத்துக்கு ஒரு குசினி, சுவரில் சமையல் முறைப் பட்டியல். நீங்களும் கிழமையில் ஒரு நாள் போய்த் தேங்காய் திருவுங்கள். சும்மா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தால் விருந்தாளி ஆகிவிடுவீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்வி ஒன்று பாக்கி. முதலாம் ஆண்டு மாணவருக்கு விருப்பக் கட்டமே கொடுக்காதீர்கள். பெயர்களைப் பெட்டிக்குள் போட்டுக் குலுக்குங்கள். மூன்றாம் ஆண்டில் வேண்டுமானால் தெரிவு செய்யட்டும், அதற்குள் யாரோடாவது பத்து மாதம் ஒரே சட்டியில் சாப்பிட்டிருப்பார்கள். பணம், கட்டடம், பீடாதிபதி எல்லாம் உங்கள் தலையிடி. எனக்கு எழுதாதீர்கள்.

மாதம் ஒரு நாள் ஒடியல் கூழ் காய்ச்சச் சொல்லுங்கள். அதற்குப் பயற்றங்காய், பலாக்கொட்டை, மீன், நண்டு என்று ஆளாளுக்கு ஏதாவது கொண்டுவரலாம். பலா இலையைக் கோலி, ஈர்க்குக் குத்தி, சுற்றி இருந்து குடிக்கலாம். குடித்து முடிய இலையை எறிந்துவிடலாம், கழுவிக் கவிழ்க்க ஒன்றும் இல்லை. மச்சம் சாப்பிடாதவர்களுக்கு வேறு பானை வையுங்கள். வேறு பானை என்றதும் இந்தக் கிழவன் இவ்வளவு நேரமும் என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள், அது வேறு விஷயம். நாளைக் குறித்து எனக்குச் சொல்லியனுப்புங்கள். வெங்காயம் உரிக்கிறவர்களின் பட்டியலில் என் பெயரையும் எழுதிவிடுங்கள்.