ஃப்ரிட்ஜில் 14 நாளா, 10 நாளா: யுஎஸ்பி 797 பாடக் குறிப்பு

கலந்த ஐவி பையை (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்துப் பை) ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கு உங்கள் பாடக் குறிப்பு 14 என்கிறது, மாதிரித் தேர்வு 10 என்கிறது. யுஎஸ்பி 797 (ஸ்டெரைல், அதாவது கிருமியற்ற, மருந்துகளைக் கலப்பதற்கான அமெரிக்கத் தரநிலை) படி 10 நாள்தான் சரி. மாதிரித் தேர்வில் தவறில்லை, உங்கள் ஃபார்மஸி டெக்னீஷியன் பாடக் குறிப்புதான் பழையது. க்ளீன்ரூமில், ஸ்டெரைல் பொருட்களை மட்டும் வைத்து அசெப்டிக் முறையில் (கிருமி புகாமல்) கலந்து, ஸ்டெரிலிட்டி டெஸ்ட் (கிருமி இல்லை என்று பார்க்கும் சோதனை) செய்யாத ஐவி பைக்கு இப்போது உச்சவரம்பு: அறை வெப்பநிலையில் 4 நாள், ஃப்ரிட்ஜில் 10, ஃப்ரீசரில் 45.

14 என்பது 2008 பதிப்பின் 'லோ ரிஸ்க்' கணக்கு. அமெரிக்காவில் 2023 நவம்பர் 1 முதல் அந்த ரிஸ்க் பிரிவுகளே போய், கேட்டகரி 1, 2, 3 வந்துவிட்டன; மேலே சொன்ன ஐவி பை கேட்டகரி 2. ஃப்ரீசரின் 45 மட்டும் மாறவில்லை. அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் பழைய அட்டவணையும் சரியாகவே தெரியும்.

1. கோப்பில் பழைய பதிப்பின் அடையாளங்களான 'லோ ரிஸ்க்', '48 மணி', '30 மணி', '9 நாள்' என்று தேடுங்கள். கிடைக்கும் பக்கங்களைப் புதிய அட்டவணையை வைத்து முழுதாகத் திருத்துங்கள்.
2. படமாக ஒட்டிய அட்டவணைகள் தேடலில் சிக்காது. அவற்றைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.
3. ஒவ்வொரு அட்டவணையின் கீழும் பதிப்பின் தேதியைப் போடுங்கள்.

தயவுசெய்து '14' எல்லாவற்றையும் மொத்தமாக '10' என்று மாற்றிவிடாதீர்கள். டெர்மினல் ஸ்டெரிலைசேஷன் (கலந்து அடைத்த பிறகு கிருமி நீக்குவது) செய்த கேட்டகரி 2 மருந்துக்கு, டெஸ்ட் இல்லாமலே, அறை வெப்பநிலையில் 14 நாள் இன்றும் செல்லும். க்ளீன்ரூம் இல்லாமல் தனியாக ஒதுக்கிய இடத்தில் கலந்தால் அது கேட்டகரி 1: அறையில் 12 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24. மருந்தின் ஸ்டெபிலிட்டி (அது கெடாமல் இருக்கும் காலம்) இவற்றைவிடக் குறைவு என்றால் அந்தக் குறைந்த கெடுதான் லேபிளில் வர வேண்டும். உங்கள் மாநில ஃபார்மஸி போர்டு எந்தப் பதிப்பை அமல்படுத்துகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.