நியூரம்பர்க் டூகட்டும் 1700 என்ற ஆண்டும்

அன்புள்ள ஐயா,

ஜெர்மானியச் சுதந்திர நகரங்களின் பழைய பொற்காசுகளைச் சேகரிக்கலாமென்று எண்ணியிருக்கிறேன். ஏலப் பட்டியல்களில் நியூரம்பர்க்கின், ஆட்டுக்குட்டி பொறித்த டூகட் என்னும் பொற்காசு அடிக்கடி கண்ணில் படுகிறது. எல்லாவற்றுக்கும் ஆண்டு 1700 என்றே போட்டிருக்கிறார்கள். ஒரே ஆண்டில் இவ்வளவு காசுகளை அடித்திருப்பார்களா, அல்லது போலிகளா? வளையம் பற்றவைத்த தழும்புள்ள ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

ஆண்டு ஒன்றாக இருப்பது போலிக்குச் சான்றாகாது. அந்தக் காசில் ஆண்டு எண்ணாகப் பொறிக்கப்படவில்லை. உலக உருண்டையின்மேல் கொடியேந்தி நிற்கும் குட்டியைச் சுற்றி அமைதி வேண்டும் லத்தீன் வரி ஒன்று ஓடுகிறது. அதில் பெரிதாக எழுதப்பட்ட எம், டி, சி, சி ஆகிய எழுத்துகளை ரோமானிய எண்களாகக் கூட்டினால் 1700 வரும். வரியை மாற்றினாலொழிய ஆண்டு மாறாது. நகரமோ வரியை மாற்றாமலே பல பத்தாண்டுகள் அதே காசை அடித்துக்கொண்டிருந்தது. ஆகவே 1700 என்பதைக் காசு பிறந்த ஆண்டாகக் கொள்ளாதீர்கள்; நாணயச்சாலைப் பொறுப்பாளரின் முதலெழுத்துகள் இருந்தால் அவற்றைக் கொண்டே காலத்தைக் கணிக்க வேண்டும்.

தரம் நகரத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. 1559ஆம் ஆண்டின் புனித ரோமானியப் பேரரசின் நாணயச் சட்டப்படி, கொலோன் மார்க் என்னும் பழைய ஜெர்மானிய எடையளவு ஒன்றிலிருந்து 67 டூகட்டுகள் அடிக்கப்பட வேண்டும்; அதாவது ஒன்று சுமார் 3.49 கிராம், நம் சவரனில் பாதிக்கும் குறைவு, தூய்மை ஆயிரத்துக்கு 986. ஆனால் ஆட்டுக்குட்டிக் காசு சந்தைப் புழக்கத்தைவிடப் புத்தாண்டுக்கும் ஞானஸ்நானத்துக்கும் பரிசளிக்கவே அதிகம் பயன்பட்டது. அதனால்தான் அரை, கால் என்று இறங்கி முப்பத்திரண்டில் ஒரு பங்குவரை, பயற்றம்பருப்பு அளவுக்குச் செய்தார்கள். சதுர வடிவிலும் அடித்தார்கள். பரிசாக வந்ததைக் கழுத்தில் அணிவது இயல்பு. சேகரிப்பாளர்கள் பலர் வளையத் தழும்பைக் கண்டாலே ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் தழும்புள்ள காசுக்குத் தழும்பில்லாததன் விலையைக் கொடுக்கவும் கூடாது.

பணம் கொடுக்குமுன் எடையையும் விளிம்பின் அண்மைப் படங்களையும் கேளுங்கள். வளையத்தை நீக்கி அரம் போட்டிருந்தால் எடை குறைந்திருக்கும். பற்றாசு மிஞ்சியிருந்தால் கூடியும் இருக்கலாம். பிற்கால நினைவுப் பிரதிகள் நல்ல தங்கத்திலேயே இருக்கின்றன என்பதால், நகைக்கடையில் உரைத்துப் பார்ப்பது தங்கத்தைச் சொல்லுமே தவிரக் காலத்தைச் சொல்லாது.

எந்த நகரத்தில் தொடங்குவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்கிறேன், ஒரே நகரத்தோடு நில்லுங்கள். என் மனம் பிராங்க்பர்ட்டின் 1796 டூகட்டில்தான் நிற்கிறது. பிரெஞ்சுப் படை விதித்த தண்டத் தொகைக்காகத் தேவாலயங்களும் குடிமக்களும் தந்த பாத்திரங்களிலிருந்து அடிக்கப்பட்டது என்று அந்தக் காசே சொல்கிறது. ஆனால் முதல் காசாக வாங்க அது விலை மிகுந்தது. எடை சரியாக இருந்தால் உங்கள் ஆட்டுக்குட்டியையே வாங்குங்கள்.