பண்புசார் ஆய்வு மென்பொருள்: ஆய்வாளர்களின் கேள்விகளும் பதில்களும்

எண்களை அல்லாமல் நேர்காணல், பேச்சு போன்றவற்றை ஆராய்வது பண்புசார் ஆய்வு. கேள்விகள் வேலூர் வட்டாரத்து முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வாளர்களும் பயிற்சி நடத்துவோரும் அனுப்பியவை.

ஆம்பூர்: தோல் தொழிற்சாலைப் பெண்களிடம் எடுத்த 22 நேர்காணல்களை என்விவோ என்ற பண்புசார் ஆய்வு மென்பொருளில் ஏற்றினால், அதுவே கருப்பொருள்களைத் தந்துவிடுமா?

தராது. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் பழகிய கை எதிர்பார்ப்பது அது. இங்கே எந்த வரிக்கு எந்தக் குறியீடு (அதன் கருத்தைச் சொல்லும் சிறு பெயர்) என்று முடிவு செய்வது நீங்கள். அதை அடுக்கி வைத்து, கேட்டதும் எடுத்துத் தருவதுதான் மென்பொருளின் வேலை. தானே குறியீடு இடும் வசதியும் உண்டு. தமிழ்ப் பேச்சுக்கு அதை நம்பாதீர்கள்.

குடியாத்தம்: பீடித் தொழிலாளர் பேட்டிகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்துவிட்டேன். ஏற்றியதும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறது.

பாமினியில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான். எழுத்துரு தமிழ் வேஷம் போடுகிறது. குறியீடு இடும் முன்பே யூனிகோடுக்கு மாற்றுங்கள். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் குப்பைத் தமிழாகிவிடும். அவற்றை முதலில் குறித்து வைத்து, மாற்றியபின் கையால் திருத்துங்கள். குறியீடு இட்ட பிறகு எழுத்துப்படியை மாற்றப் போனால் உழைப்பு வீண். டேகெட் என்ற இன்னொரு மென்பொருளில் ஏற்றிய ஆவணத்தைத் திருத்தவே முடியாது.

ஆற்காடு: 'இருக்கு' என்று தேடினால் பாதி இடங்கள் வரவில்லை.

நம் ஊர்ப் பேச்சில் அது 'கீது', 'கீறாங்க', 'வந்துகீறேன்' அல்லவா! பேச்சை இலக்கணத் தமிழாக 'திருத்தி' எழுதாதீர்கள், தரவு கெடும். எந்த ஒலியை எப்படி எழுதுவது என்று ஒரு பக்க விதித்தாள் வைத்து, தட்டச்சு செய்யும் எல்லோருக்கும் கொடுங்கள்.

வேற்றுமை உருபுகளும் தொல்லைதான். கூலி, கூலிய, கூலிக்கு மூன்றும் சொல் எண்ணிக்கையில் மூன்று தனிச் சொற்கள். ஆகவே அதிகம் வரும் சொல்லைப் பெரிதாகக் காட்டும் சொல்மேகப் படத்தை ஆய்வேட்டில் ஆதாரமாக வைக்க வேண்டாம். குவால்கோடர் என்ற மென்பொருளில் தேடும்போது சொல்லின் மாறாத முன்பகுதியை மட்டும் கொடுங்கள்: 'வீட' என்றால் வீடு, வீட்டுல, வீட்டுக்கு எல்லாம் சிக்கும், 'மர' என்றால் மரம், மரத்துல. மரபு, மரணமும் கூடவே வரும், கண்ணால் கழிக்க வேண்டியதுதான்.

காட்பாடி: 30 பேருக்கு இரண்டு நாள் பயிலரங்கு. எப்படி வகுப்பது?

முதல் அரை நாள் கணினியைத் திறக்கவே விடாதீர்கள். இரண்டு பக்க நேர்காணலை அச்சிட்டு, மூவர் மூவராக உட்கார வைத்து, தனித்தனியே பேனாவால் குறியீடு இடச் சொல்லுங்கள். பிறகு ஒப்பிடட்டும்; ஒரே பத்தியை ஒருவர் 'கடன்' என்றும் மற்றவர் 'மேஸ்திரியின் பிடி' என்றும் எழுதியிருப்பார். அந்தச் சண்டையில்தான் குறியீட்டு வரையறை பிறக்கும்: பெயர், பொருள், எது சேரும், எது சேராது, ஓர் உதாரணம். பிற்பகலில் டேகெட், இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். மறுநாள் குவால்கோடர், அவரவர் சொந்தத் தரவோடு. மாதிரித் தரவில் பழகியவர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிடுவார். எட்டுப் பேருக்கு ஓர் உதவியாளர் வேண்டும்.

மென்பொருளை முந்தைய நாளே நிறுவுங்கள். சில ஆய்வகங்களில் கணினியை மறுபடி இயக்கினால் எல்லாம் அழியும்படி பூட்டு போட்டிருப்பார்கள். மதிய மின்வெட்டில் காலை வேலை போய்விடும். முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ராணிப்பேட்டை: இருவர் குறியீடு இட்டோம். ஒத்துப்போகும் சதவீதம் 95-க்கு மேல், ஆனால் கப்பா (இருவரின் ஒற்றுமையை அளக்கும் எண்) மிகக் குறைவு. பிழையா?

பிழை இல்லை. அபூர்வமாக வரும் குறியீட்டில், 'இங்கே இது இல்லை' என்பதில் இருவரும் ஒத்துப்போவதே சதவீதத்தை ஏற்றிவிடும். கப்பா தற்செயல் ஒற்றுமையைக் கழித்துப் பார்ப்பதால் இறங்குகிறது. இன்னொன்று, என்விவோ எழுத்தெழுத்தாக ஒப்பிடும். ஒருவர் வாக்கியத்தையும் மற்றவர் பத்தியையும் பிடித்தால் கருத்து ஒன்றானாலும் எண் விழும். ஒரு கேள்விக்கான முழுப் பதில்தான் குறியீடு இடும் அலகு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

வாணியம்பாடி: கோப்பைப் பென்டிரைவிலேயே வைத்து வேலை செய்யலாமா?

கூடாது. நடுவில் பிடுங்கினால் கோப்பு சிதையும். கணினிக்கு நகலெடுத்து வேலை செய்து, மூடியபின் தேதியிட்ட நகலைப் பென்டிரைவில் வையுங்கள்.